மடக்குக் கத்திக்கு மரப்பலகை: விறகு மூட்டையிலிருந்து கைப்பிடி வரை

மடக்குக் கத்தியின் கைப்பிடியில் இரண்டு பக்கமும் மூடியிருக்கும் தகடுகளுக்கு ஸ்கேல் என்று பெயர். இங்கே பலகை என்றே சொல்லிக்கொள்வோம். பிளாஸ்டிக் பலகையைக் கழற்றி மரத்தைச் செதுக்கிப் பொருத்த ஒரு சனியும் ஞாயிறும் போதும், மரம் ஏற்கெனவே காய்ந்திருந்தால். எண்ணெய் காயும் நாட்கள் தனி. பார்க்கிறவர்கள் மெச்சுவது வெளிப்பக்கத்து வளைவையும் மினுமினுப்பையும்தான். ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் உட்பக்கத்தில்: லைனரோடு (பலகைக்கு அடியில் இருக்கும் உலோகத் தகட்டோடு) ஒட்டும் முகம் தட்டையாக இருக்காது, துளை கால் மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், அல்லது மரத்தில் ஈரம் மிச்சமிருக்கும். நேரத்தில் முக்கால் பங்கை இந்த மூன்றுக்கும் ஒதுக்குங்கள்.

முதல் வேலைக்கு எந்தக் கத்தி

இரண்டு எஃகு லைனர்கள், அவற்றின் மேல் திருகாணியால் பிடிக்கப்பட்ட தட்டையான பலகைகள். இந்த அமைப்புள்ள கத்தியே தொடங்குவதற்கு ஏற்றது. சோதிப்பது எளிது. பலகையைக் கழற்றி உள்ளே பாருங்கள். லைனர் பலகையின் முழு அளவுக்கும் இருந்து, பலகையின் உட்பக்கம் வெறும் சமதளமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். லைனர் சிறியதாக இருந்து பலகைக்குள் குடைந்த பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்தப் பள்ளத்தை மில்லிங் மெஷின் இல்லாமல் சரியாக எடுக்க முடியாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மடக்குக் கத்தி என்றாலே பலருக்கு நினைவு வருவது ஒகாப்பி. 1902இல் ஜெர்மனியில் தொடங்கி, இப்போது டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்திலேயே செய்யப்படுகிற கத்தி அது. விலை குறைவு, கெட்டுப்போனாலும் வருத்தமில்லை என்பதால் அதில் கைவைக்கத் தோன்றும். ஆனால் அது ரிவெட் அடித்த கத்தி. கழற்றினால் மறுபடி ரிவெட் அடிக்கத் தெரிய வேண்டும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

மரம்

தென்னாப்பிரிக்காவில் கத்திப் பிடிக்கான மரத்துக்குப் பஞ்சமே இல்லை. பிராய்க்கு (விறகுத் தணலில் இறைச்சி வாட்டுவதற்கு) விறகு வாங்கும் மூட்டையிலேயே நல்ல கட்டை கிடைக்கும். செகல்போஸ் என்று எழுதியிருக்கும் மூட்டையைத் தேடுங்கள். நம் பக்கத்துக் காடுகளில் விடத்தேரை என்று சொல்கிற அதே முள்மரம்தான். மெல்லிய மரமாதலால் மூட்டையில் இருப்பதிலேயே தடித்த கட்டையாக, குறுக்களவு 8 செ.மீ.க்குக் குறையாமல் எடுங்கள். வெட்டினால் நடுவில் செம்பழுப்பு வைரமும், சுற்றிலும் மஞ்சள் வெளிறும் தெரியும். வைரம் மட்டும்தான் வேண்டும். வெளிறில் பூச்சி துளைத்திருக்கும். கட்டையைத் தரையில் தட்டிப் பாருங்கள், மாவு கொட்டினால் அடுப்புக்கே அனுப்பிவிடுங்கள். கட்டையின் நட்டநடு மையத்தையும் சேர்க்காதீர்கள், விரிசல் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும்.

காட்டு ஆலிவ் மரமும் அருமையானது. கனமானது, ரேகை அழகு, எண்ணெய் நன்றாக ஏற்கும். கடைசல் வேலை செய்கிறவர்களிடம் துண்டுகளாகக் கிடைக்கும். டம்போட்டி சந்தனம்போல் மணக்கும், நிறமும் பிரமாதம். ஆனால் அதன் பாலும் தூளும் கண்ணில் பட்டால் எரித்து எடுத்துவிடும். அதன் புகையில் வாட்டிய இறைச்சி வயிற்றைக் கலக்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. டம்போட்டி செதுக்கும்போது கண்ணாடியும் எஃப்எஃப்பி2 முகக்கவசமும் கட்டாயம், தூளைப் பிராய் அடுப்பில் கொட்டவும் கூடாது. ஸ்னீஸ்வுட், அதாவது தும்மல் மரம்: பெயரே எச்சரிக்கைதான்.

லெட்வுட், கேமல் தார்ன், ஸ்டிங்க்வுட் மூன்றும் 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரங்கள். உரிமம் இல்லாமல் வெட்டுவது மட்டுமல்ல, வாங்குவதும் விற்பதும் எடுத்துச் செல்வதும்கூடக் குற்றம். உரிமத்தோடு விற்கிற கடையில் ரசீதோடு வாங்குங்கள். லெட்வுட் தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். சாதாரண டிரில் பிட் அதில் இரண்டு துளையிலேயே மழுங்கிவிடும். முதல் கத்திக்கு அது வேண்டாம்.

வீட்டுக் கொல்லையில் வெட்டிய மாமரம்? ரேகை கண்ணைப் பறிக்கும், ஆனால் 3 மி.மீ. தடிமனில் திருகாணியைத் தாங்காது. பிசின் ஊட்டிக் கெட்டிப்படுத்திய மாங்கட்டை கிடைத்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

காயவைப்பது

கட்டையிலிருந்து 120 மி.மீ. நீளம், 35 மி.மீ. அகலம், 7 மி.மீ. தடிமனில் இரண்டு துண்டுகள், அடுத்தடுத்து அறுத்தவையாக எடுங்கள். ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். உருண்டைக் கட்டையைப் பேண்ட்சா (நாடா ரம்பம்) மேசையில் அப்படியே தள்ளினால் அது உருண்டு கையையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் ஒரு பக்கத்தை இழைத்துத் தட்டையாக்குங்கள், அல்லது ஒரு தச்சுப்பட்டறையில் கொடுத்து அறுத்து வாங்குங்கள்.

துண்டுகளின் இரண்டு முனைகளிலும் மெழுகுவத்தியை உருக்கிப் பூசுங்கள். ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறினால் பிளவு விழும். நடுவில் குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் வைத்து, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறவில்லையென்றால் காய்ந்துவிட்டது. விறகாக வந்த கட்டை சில வாரத்தில் நிலைக்கு வரும், பச்சை மரம் மாதக்கணக்கில் இழுக்கும்.

டர்பன் கடற்கரைக் காற்றில், அதுவும் டிசம்பர், ஜனவரியில், மரம் வராந்தாவில் எவ்வளவு நாள் கிடந்தாலும் உள்நாட்டு அளவுக்குக் காயாது. அங்கே செய்த கத்தி ஜூலை மாதம் ஜோஹன்னஸ்பர்க் போனால் பலகை சுருங்கும். மரத்தின் ஈரம் 1 சதவீதம் இறங்கினால் குறுக்களவில் ஏறக்குறைய 0.25 சதவீதம் சுருங்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 25 மி.மீ. அகலப் பலகையில் ஈரம் 4 சதவீதம் இறங்கினால் கால் மில்லிமீட்டர். நகத்தால் தடவினால் லைனர் ஓரம் துருத்திக்கொண்டிருப்பது தெரிய அது போதும். துளைகள் இறுக்கமாக இருந்தால் அதே கால் மில்லிமீட்டர்தான் பலகையைத் துளையிலிருந்து ஓரம் வரை பிளக்கும்.

கழற்றுவது

சரியான அளவு டார்க்ஸ் முனை (நட்சத்திர வடிவத் திருப்புளி முனை) இல்லாமல் தொடங்காதீர்கள். பெரும்பாலும் டி6 அல்லது டி8. திருகாணியில் பூட்டுப்பசை (மரை தளராமல் பிடிக்கும் பசை) இருந்தால் முனை சறுக்கித் தலை மொட்டையாகிவிடும். வேலை தொடங்குமுன்னே நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சால்டரிங் அயர்ன் முனையைத் திருகாணித் தலையில் அரை நிமிடம் வைத்துச் சூடாக்கிவிட்டு உடனே திருகுங்கள், பசை இளகிவிடும். ஒரு அட்டையில் கத்தியின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்திவையுங்கள். ஒரே தலையோடு நீளம் மட்டும் வேறான திருகாணிகள் இருக்கும். அலகை மாஸ்கிங் டேப்பால் முழுவதும் சுற்றிவிடுங்கள்.

இப்போது அளவெடுங்கள். பழைய பலகையின் மொத்தத் தடிமன் ஒன்று. அதைவிட முக்கியம், திருகாணித் தலை உட்காரும் குழிக்கு அடியில் எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்கிறது என்பது. இதை அடித்தளம் என்போம். காலிப்பரின் பின்பக்கத்து ஊசியைக் குழிக்குள் விட்டு ஆழத்தை அளந்து, மொத்தத் தடிமனில் கழித்தால் அடித்தளம் வரும். புதுப் பலகை வெளியே எவ்வளவு தடித்தாலும் அடித்தளம் மாறக் கூடாது. எம்2.5 (2.5 மி.மீ. குறுக்களவுள்ள) திருகாணியில் ஒரு சுற்றுக்கு 0.45 மி.மீ. அடித்தளம் 1 மி.மீ. கூடினால் இரண்டு சுற்றுப் பிடிப்பு போய்விடும். லைனரிலோ இருப்பதே சில சுற்றுதான்.

அடித்தளம் 1.2 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஒரு சிக்கல். பழைய பலகை ஜி10 (பிசின் ஊட்டிய கண்ணாடியிழைத் தகடு) போன்ற கெட்டியான பொருளாக இருந்திருக்கும், அதற்கு 1 மி.மீ. போதும், மரத்துக்குப் போதாது. 1.5 மி.மீ. விட்டு, அரை மில்லிமீட்டர் நீளமான திருகாணி போடுங்கள். போட்டபின் லைனரின் உட்பக்கம் அது துருத்தவில்லை என்று பாருங்கள், துருத்தினால் அலகில் கோடு கிழிக்கும். பாக்கெட் கிளிப் வேண்டுமானால் அதன் அடியிலும் இதே கணக்குதான்.

உட்பக்கத்தைத் தட்டையாக்குவது

பழைய கண்ணாடித் துண்டு, 5 மி.மீ.க்குக் குறையாத தடிமனில். அதன்மேல் 120 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். பலகையின் உட்பக்கம் முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, ஒரே திசையில் இழுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை பலகையின் முன்முனை பின்னால் வரும்படி திருப்புங்கள். எல்லாக் கோடும் மறைந்தால் தட்டை. நடுவில் கோடு மிச்சமிருந்தால் பள்ளம், இன்னும் தேய்க்க வேண்டும். ஓரத்தில் மட்டும் மிச்சமிருந்தால் நீங்கள் அழுத்தும் விதத்தில் பலகை ஆடுகிறது. விரல்நுனியால் விளிம்பை அழுத்தாமல், ஒரு மரத்துண்டை மேலே ஒட்டி அதைப் பிடித்து இழுங்கள். பிறகு 240இல் மறுபடி கோடு போட்டுத் தேயுங்கள். எஃகு அளவுகோலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஒளி கசியக் கூடாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? உட்பக்கம் நடுவில் மயிரிழை உயர்ந்திருந்தாலும், திருகாணி இறுகும்போது லைனர் அந்த மேட்டின் மேல் வளையும். அலகு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் உரசும். அப்போது பிவட்டை (அலகு எதைச் சுற்றி விரிகிறதோ அந்த முளையை) குற்றம் சொல்லி அதை முறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

துளை

துண்டுகளைப் புத்தகம் போல விரித்து வைத்து, இடது, வலது என்று உட்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டு இடது பலகை செய்து முடித்துவிட்டு விழிப்பது அனுபவசாலிகளுக்கும் நடக்கிறது.

பழைய பலகைதான் அச்சு. அதன் உட்பக்கம் மரத்தின் உட்பக்கத்தோடு சேரக் கூடாது, அப்படிச் சேர்த்தால் உருவம் கண்ணாடிபோல் மாறிவிடும். பழைய பலகையின் உட்பக்கம் மரத்தின் வெளிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதனால் மரத்தின் வெளிப்பக்கமும் உட்பக்கத்துக்கு இணையாகத் தட்டையாக இருக்க வேண்டும். வளைவு கொடுப்பதைக் கடைசிக்கு ஒத்திவைப்பது இதற்காகத்தான். ஒட்டுவதற்கு, இரண்டு முகத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்புக்கு நடுவில் இரண்டு சொட்டு சூப்பர் குளூ விட்டு அழுத்துங்கள். பின்னர் டேப்போடு சுத்தமாகப் பிரிந்து வரும்.

முதலில் பிவட் துளை. பழைய துளையில் சரியாகப் பொருந்தும் பிட்டை எடுத்து, அடியில் ஒரு வீண் பலகை வைத்து, இரண்டு மில்லிமீட்டருக்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டி இறக்குங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டரை மெதுவாக. அவசரப்பட்டால் அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பிய்ந்துவிடும். துளை முடிந்ததும் அதே அளவுள்ள இன்னொரு பிட்டின் வழுவழுப்பான தண்டைத் துளையில் ஆணிபோல் செருகிவிடுங்கள். அடுத்து, பிவட்டுக்கு மிகத் தொலைவில் இருக்கும் துளை. அதிலும் ஆணி. இந்த இரண்டும் பூட்டிக்கொண்டால் பலகை இனி நகராது, மற்றத் துளைகளை நிம்மதியாகப் போடலாம்.

டிரில்லை ஸ்டாண்டில் மாட்டித்தான் செய்ய வேண்டும். கையில் பிடித்துத் துளைத்தால் 2 டிகிரி சாய்வது கண்ணுக்கே தெரியாது, ஆனால் 6 மி.மீ. மரத்தில் துளை மறுபக்கம் 0.2 மி.மீ. தள்ளி வெளிவரும். மூன்று துளை மூன்று திசையில் தள்ளினால் திருகாணி ஏறாது. துளைத்து முடித்தபின் எம்2 திருகாணிக்கு 2.2, எம்2.5க்கு 2.7 மி.மீ. வரை அகலப்படுத்துங்கள், மரம் அசைய அந்த இடம் வேண்டும். பிவட் துளையை மட்டும் அகலப்படுத்தாதீர்கள். பிவட்டின் ஒரு பக்கம் தட்டையாக வெட்டப்பட்டு, அது பலகையில் பூட்டுகிற வகையாக இருந்தால், அந்தத் தட்டையை ஊசி அரத்தால் எடுக்க வேண்டும்.

தலைக்குழிக்கு முனை தட்டையான பிட் வேண்டும். சாதாரணப் பிட் கூம்பாகக் குடையும். தலையின் அடிப்பக்கம் தட்டையான திருகாணி கூம்பில் உட்கார்ந்தால் ஆப்பு அடித்த மாதிரி மரத்தைப் பிளக்கும். தலையின் குறுக்களவைவிட 0.2 மி.மீ. பெரிதாகப் போடுங்கள். ஆழத்தை மேலிருந்து அளக்காமல், அடித்தளத்தைக் கொண்டு அளந்து நிறுத்துங்கள். மேலே பின்னால் எவ்வளவு செதுக்கினாலும் அடித்தளம் அப்படியே இருக்கும்.

உருவம்

அச்சாக ஒட்டிய பழைய பலகையைச் சுற்றிக் கோடு வரைந்து, அதற்கு 1 மி.மீ. வெளியே மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அரத்தால் அச்சு வரை கொண்டுவாருங்கள். கடைசி 0.2 மி.மீ.யை அச்சைக் கழற்றி, பலகையை லைனரில் திருகி, 320இல் முடியுங்கள். லாக்கை (விரித்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டை) விடுவிக்கக் கட்டைவிரல் போகும் வெட்டையும், அலகின் குமிழ் வந்து நிற்கும் இடத்தையும் மறந்துவிடாதீர்கள். பழைய பலகையில் இருக்கிறதா என்று பார்த்து அப்படியே எடுங்கள்.

வளைவுக்கு அலகைப் போடாமல் லைனரையும் பலகையையும் மட்டும் பூட்டிக்கொள்ளுங்கள். நடுவில் 4.5 மி.மீ., இரண்டு முனையிலும் 3 மி.மீ. என்று வைத்தால் கைக்கு நன்றாக இருக்கும். விளிம்பில் முதலில் 45 டிகிரியில் ஒரு பட்டை, பிறகு அதன் இருபுறமும் ஒவ்வொரு பட்டை. அதன்பின் உப்புத்தாளை நாடாபோல் கிழித்து, செருப்பு துடைப்பது மாதிரி இழுங்கள், பட்டைகள் உருண்டு வரும். தலைக்குழி இருக்கும் இடத்தில் மேற்பரப்பு திருகாணித் தலைக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. ஐந்து இடத்தில் காலிப்பர் வைத்து இடதும் வலதும் ஒப்பிடுங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண் விட்டுவிடும், கை விடாது.

உப்புத்தாளை 180, 240, 320, 400, 600 என்று வரிசையாக மாற்றுங்கள், ஒன்றைத் தாண்டினாலும் பழைய கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். 240க்குப் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் நார் எழும்பி நிற்கும், அதைத் தேய்த்துவிட்டு மேலே போங்கள். செகல்போஸ், லெட்வுட் போன்றவற்றை 1500 வரை கொண்டுபோனால் பூச்சே இல்லாமல் கொம்புபோல் மின்னும்.

எண்ணெய்

தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். இரண்டும் காய்ந்து இறுகுகிற எண்ணெய் இல்லை. மரத்துக்குள்ளேயே கிடந்து சிக்குப்பிடித்து, சட்டைப்பை அழுக்கையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் அல்லது டேனிஷ் ஆயில் வாங்குங்கள். தாராளமாகத் தடவி, 15 நிமிடம் விட்டு, ஒட்டத் துடைத்துவிடுங்கள். 24 மணி நேரம் கழித்து அடுத்த பூச்சு. மூன்று முதல் ஐந்து. துடைக்காமல் விட்ட எண்ணெய் பிசுபிசுவென்று தோலாக நிற்கும்.

உட்பக்கத்துக்கும் துளைகளுக்குள்ளும் அதே எண்ணெய் போக வேண்டும். வெளிப்பக்கத்தை மட்டும் அடைத்தால், மழைநாளில் உட்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிந்து, பலகை கிண்ணம் மாதிரி வளையும்.

ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

டம்போட்டி, ஆஃப்ரிக்கன் பிளாக்வுட் போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மரங்களில் எண்ணெய்ப் பூச்சு சரியாகக் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு மெழுகு மட்டும் போதும்.

பூட்டுவது

எண்ணெய் காய ஒரு வாரம் விட்டுப் பூட்டுங்கள். நீலநிறப் பூட்டுப்பசையை ஊசிமுனையால் தொட்டுத் திருகாணி மரையில் வையுங்கள். பிவட் வாஷரில் பட்டால் கத்தி விரியாது. டிரைவரை இரண்டு விரலால் பிடித்து, நின்ற இடத்தோடு விட்டுவிடுங்கள். உள்ளங்கையால் முறுக்கினால் அடித்தளம் நசுங்கும், அல்லது சத்தமில்லாமல் மயிர்க்கோடு விழும். அலகு நடுவில் நிற்கிறதா, லாக் முழுதாக வந்து பிடிக்கிறதா என்று பாருங்கள். அலகு ஒரு பக்கம் உரசினால் அந்தப் பக்கத்துப் பலகைத் திருகாணிகளை அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். உரசல் போய்விட்டால் உட்பக்கம் தட்டையாக இல்லை, மறுபடி கண்ணாடிக்குத்தான் போக வேண்டும்.

ரிவெட் அடித்த கத்தி

ஒகாப்பி மாதிரியான கத்தியில் ரிவெட் தலையை அரத்தால் தேய்த்து, சற்றுச் சிறிய ஆணியால் தட்டி வெளியேற்ற வேண்டும். புதிதாகப் போட, துளைக்குப் பொருந்தும் பித்தளைக் கம்பி. துளையின் வாயைக் கொஞ்சம் விரித்துவிட்டால் கம்பி அதில் பரவிப் பிடிக்கும். கம்பி இரண்டு பக்கமும் 1 மி.மீ. வெளியே நீளட்டும். அதற்கு மேல் விட்டால் அடிக்க அடிக்கக் கம்பி வளைந்து மரத்துக்குள்ளேயே தடித்துப் பிளக்கும். அடியில் கனமான இரும்பு வைத்து, சிறு உருண்டைத்தலைச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றி முப்பது நாற்பது தட்டு, ஒவ்வொன்றும் மெதுவாக. ஒரு பக்கமே அடிக்காமல் திருப்பித் திருப்பி அடியுங்கள். அலகின் பிவட் ரிவெட்டை அடிக்கும்போது அலகுக்கும் லைனருக்கும் நடுவில் ஒரு மெல்லிய காகிதத்துண்டைச் செருகிவையுங்கள். அடித்து முடித்து அதை இழுத்தெடுத்தால் அலகு அசைய வேண்டிய இடைவெளி கிடைக்கும். காகிதம் கிழிந்து உள்ளே மாட்டிக்கொண்டால் கவலையில்லை, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இருபது தடவை விரித்து மடக்கினால் தூளாகி வெளியே வந்துவிடும்.